கல்யாண கேமரா பைல்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் எடிட் செய்ய...

கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா எதுவானாலும் வீடியோ எடுப்பவர் இப்போது எடிட் செய்த படத்துடன், கேட்டால் முழுப் பதிவையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து தருகிறார். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற ஊர்களிலும் இதே வழக்கம்தான். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், அந்த டிஸ்க்கை இணைத்து, தாத்தா பாட்டி ஆசி வழங்கும் காட்சியை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்று உட்காருவார்கள். எடிட்டிங் புரோகிராம் பைலை ஏற்க மறுக்கும். அல்லது ஏற்றுக் கொண்டு திக்கித் திணறி ஓடும். அல்லது படம் வரும், சத்தம் வராது. "பைல் கெட்டுப் போய்விட்டதா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். பெரும்பாலும் பைல் நன்றாகவே இருக்கும். அதனை மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்று பார்க்கலாம்.

பைலும் அதன் உறையும்

வீடியோ பைலின் பெயரில் கடைசியாக உள்ள எம்பி4, எம்டிஎஸ், எம்எக்ஸ்எஃப் போன்றவை உறையின் பெயர்கள் மட்டுமே. உறைக்குள் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பது வேறு விஷயம். அந்த முறையைத்தான் கோடெக் என்கிறோம்.

சோனியும் பானாசோனிக்கும் 2006ல் அறிவித்த ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேமராக்கள் எம்டிஎஸ் பைல்களைத் தரும். தோளில் வைத்து எடுக்கும் சோனி எம்சி2500 இந்த வகை. சோனி இசட்150 போன்ற கேமராக்கள் எம்எக்ஸ்எஃப் பைல்களையும் தரும். இது டிவி நிலையங்களுக்காக உருவான உறை. வீட்டு உபயோக புரோகிராம்கள் பலவற்றிற்கு இதனைத் திறக்கத் தெரியாது. திறந்தாலும், உள்ளே 10 பிட், 4:2:2 என்ற முறையில் நிறத் தகவல்கள் கூடுதலாக இருந்தால், பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கிராபிக்ஸ் சிப் அதனை விரிக்க உதவாது. முழு பாரமும் பிராசசர் மீது விழுவதால்தான் படம் திணறுகிறது.

முதல் வேலை: போல்டரை அப்படியே காப்பி செய்திடவும்

மெமரி கார்டைத் திறந்தால் பிரைவேட், அதற்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் ஸ்ட்ரீம் என்று போல்டர்கள் இருக்கும். படம் கடைசி போல்டரில்தான் உள்ளது என்பதால் அதை மட்டும் எடுத்துக் கொண்டு மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். கார்டு எஃப்ஏடி32 முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால் ஒரு பைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. எனவே நீண்ட முகூர்த்தக் காட்சியைக் கேமரா துண்டு துண்டாக எழுதும். எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற விவரம் மற்ற பைல்களில்தான் இருக்கிறது. பைல் பெயர்களையும் மாற்ற வேண்டாம்.

டிஸ்க்கில் இடம் எவ்வளவு வேண்டும்? ஏவிசிஎச்டியில் விநாடிக்கு 24 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 11 ஜிபி. 50 மெகாபிட் என்றால் சுமார் 22 ஜிபி. 100 மெகாபிட்டில் எடுத்த 4கே என்றால் 45 ஜிபி. ஒரிஜினல், மாற்றிய பைல், முடித்த படம் என மூன்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

இரண்டாவது: உள்ளே என்ன என்று பாருங்கள்

மீடியா இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்து அதில் ஒரு பைலைத் திறக்கவும். வியூ மெனுவில் டெக்ஸ்ட் என்பதனைத் தேர்ந்தெடுத்தால் முழு விவரமும் கிடைக்கும். மூன்றை மட்டும் குறித்துக் கொள்ளுங்கள்: ஸ்கேன் டைப், பிட் டெப்த், ஆடியோ டிராக்குகள் எத்தனை.

ஸ்கேன் டைப் என்ற இடத்தில் இன்டர்லேஸ்டு அல்லது எம்பிஏஎஃப்எஃப் என்றிருந்தால் கவனம் தேவை. நம் நாட்டில் இந்த முறையில் எடுக்கும்போது, கேமரா விநாடிக்கு 50 முறை பாதிப் பாதிப் படமாகப் பதிகிறது. ஒரு முறை ஒற்றைப்படை வரிகள், அடுத்த முறை இரட்டைப்படை வரிகள். இரண்டையும் அப்படியே சேர்த்துக் காட்டினால், அசையாத காட்சி நன்றாக இருக்கும்; அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். குமாரசாமிப்பேட்டை முருகன் கோவில் தைப்பூசத்தில் பெண்கள் வடம் பிடித்துத் தேர் இழுக்கும் காட்சியை இப்படி எடுத்திருந்தால், பின்னால் உள்ள கட்டடங்கள் தெளிவாக இருக்கும். தேரும் வடமும் மட்டும் பல் பல்லாகத் தெரியும். மாற்றும்போது இதனைச் சரி செய்யலாம்.

மூன்றாவது: மாற்றும் வழி

ஷாட்கட் என்ற இலவச எடிட்டிங் புரோகிராம் எம்டிஎஸ், எம்எக்ஸ்எஃப் பைல்களை நேரடியாகவே திறக்கும். திணறினால், பிராபர்டீஸ் பகுதியில் கன்வெர்ட் என்பதில் கிளிக் செய்திடவும். குட், பெட்டர், பெஸ்ட் என மூன்று தரங்கள் கிடைக்கும். குட் போதுமானது. பெஸ்ட் தேர்ந்தெடுத்தால் பைல் மிகப் பெரிதாகும்.

விண்டோஸ் 11ல் உள்ள கிளிப்சேம்ப் போன்ற வேறு புரோகிராமில்தான் எடிட் செய்வேன் என்றால், ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்துங்கள். வழி இதோ:

1. ஓபன் சோர்ஸ் கிளிக் செய்து பைலைத் தேர்ந்தெடுக்கவும். பார்மட் எம்பி4 ஆக இருக்கட்டும்.

2. பில்டர்ஸ் டேபில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் யாடிஃப் தேர்ந்தெடுத்து, பிரிசெட்டில் பாப் என அமைக்கவும். இன்டர்லேஸ்டு பைல்களுக்கு மட்டும் இது தேவை.

3. வீடியோ டேபில் எச்.264 (எக்ஸ்264) தேர்ந்தெடுக்கவும். பாப் அமைத்திருந்தால் பிரேம் ரேட்டை 50 எனவும், மற்றபடி சோர்ஸில் உள்ளபடியும் வைக்கவும். கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்பதனையும் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் எடிட் செய்யும்போது உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போக வாய்ப்புண்டு.

4. குவாலிட்டி அளவை 18 ஆக வைக்கவும். எண் குறையக் குறையத் தரம் கூடும், பைலும் பெரிதாகும். ஒகேனக்கல் அருவி போன்ற காட்சிகளுக்கு 16 வைக்கலாம். கொட்டும் நீரில் ஒவ்வொரு பிரேமும் முந்தையதிலிருந்து மாறுபடுவதால், சுருக்கம் அதிகமானால் நீர்த்திவலைகள் கட்டம் கட்டமாகிவிடும்.

5. ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் தேர்ந்தெடுத்து, முதலில் 30 விநாடி மட்டும் மாற்றிப் பார்க்கவும். சரியாக இருந்தால் முழுவதையும் ஸ்டார்ட் செய்திடவும்.

பைலை எம்பி4 என்று ரீநேம் செய்தால் மாறிவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். மாறாது, பெயர் மட்டும்தான் மாறும். உறையை மட்டும் உண்மையாக மாற்ற, ஷட்டர் என்கோடர் என்ற இலவச புரோகிராமில் ரீராப் என்ற வசதி உள்ளது. படத்தை மறுபடி சுருக்காததால் சில நிமிடங்களில் முடியும், தரமும் குறையாது. ஆனால் சீப்புப் பல்லும் 10 பிட் திணறலும் இதில் தீராது.

நாதஸ்வரம் எங்கே?

இதுதான் பலரையும் கலங்க வைப்பது. எம்எக்ஸ்எஃப் பைலில் நான்கு அல்லது எட்டுத் தனித்தனி ஆடியோ டிராக்குகள் இருக்கலாம். முதலாவதில் கேமராவின் சொந்த மைக்கின் இரைச்சல், இரண்டாவதில் மேடை மைக்கின் தெளிவான ஒலி, மற்றவை காலியாக என்று இருக்கக்கூடும். மாற்றும் புரோகிராம் ஒரு டிராக்கை மட்டும் எடுத்துக் கொண்டால் மந்திரமும் நாதஸ்வரமும் காணாமல் போகும். எனவே ஹேண்ட்பிரேக்கில் ஆடியோ டேபைத் திறந்து எந்த டிராக் தேர்வாகியுள்ளது என்று பார்த்து, தேவையானதை மாற்றிக் கொள்ளுங்கள். ஷாட்கட்டில் பிராபர்டீஸ் பகுதியின் ஆடியோ டேபிலேயே டிராக்கை மாற்றலாம்.

துண்டுகளாக வந்த பைல்களை ஷட்டர் என்கோடரில் மெர்ஜ் மூலம் இணைத்தால், இணைந்த இடத்தை ஹெட்போனில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் ஒரு கணம் விட்டுப் போனால் பிறகு சேர்க்க முடியாது.

ஒரிஜினலை அழிக்கலாமா?

கூடாது. மாற்றிய எம்பி4 எடிட் செய்வதற்கான நகல் மட்டுமே. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் தரம் போகும். போனது திரும்பி வராது. வீடியோ எடுத்தவர் அடுத்த முகூர்த்தத்திற்காக மெமரி கார்டை அழித்தாக வேண்டும். அதன்பின் அந்தக் கல்யாணத்தின் ஒரே பதிவு உங்கள் டிஸ்க்கில் இருப்பதுதான். எனவே அவரிடம் பைல்களைப் பெற்ற அன்றே, எல்லாம் திறக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றில் முழு போல்டரையும் காப்பி செய்து தனியே வைத்துவிடுங்கள். அதன் பிறகு எடிட்டிங்கில் என்ன சோதனை வேண்டுமானாலும் பயமின்றிச் செய்து பார்க்கலாம்.