பெருசும் சிறுசும் ஒரே கூண்டில்

எங்கள் மொட்டை மாடியில் நாலரைக் கிலோ வெள்ளை ஜெயன்ட் முயல் ஒன்று இருந்தது. அதற்குத் துணையாக ஒன்றரைக் கிலோகூடத் தேறாத குட்டை ரகம் ஒன்றை வாங்கி வந்ததும், பக்கத்து வீட்டு அத்தை கேட்டது: "ஏ, பெருசு சிறுசை மிதிச்சிராதா?"

மிதிக்காது. முயல்கள் அடித்துக்கொள்வது இடத்துக்காகவும் இணைக்காகவும்தான். பல நேரம் சிறுசுதான் முதலில் பாயும். அடி வாங்கும்போதுதான் எடை கணக்குக்கு வருகிறது. முயலின் எலும்பு மிக இலேசு, பின்னங்காலோ வலுவானது. பெருசு ஒரு உதை விட்டால் சிறுசுக்குத் தாங்காது.

அதனால் முதல் நாளே ஒன்றாக விட வேண்டாம். நடுவில் கம்பி வலை வைத்து ஓரிரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று படுத்த சாக்கை மற்றதற்கு மாற்றிப் போட்டால் வாசனை பழகும். வலையை ஒட்டி இரண்டும் சாய்ந்து படுத்தால் நல்ல குறி. பிறகு இரண்டுமே இதுவரை போகாத ஓர் அறையில் கால் மணி நேரம் விடலாம். காது பின்னால் படிந்து, வால் தூக்கி, ஒன்றையொன்று சுற்ற ஆரம்பித்தால் உடனே பிரியுங்கள். கையை நடுவில் விடாதீர்கள், கடி பலமாக விழும். ஒரு துண்டைப் போட்டுப் பிரிப்பதே நல்லது.

அடுத்தது ஆணா பெண்ணா என்பது. "ரெண்டும் பொட்டைதான்" என்று விற்பவர் சொல்வதை நம்பிவிட வேண்டாம். சின்னக் குட்டியில் தப்புவது சகஜம். எங்கள் சிறுசு ஆண் என்று தெரிந்ததே, பெருசு வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போனபோதுதான். மறுநாள் கழுத்தடி ரோமத்தையும் பிடுங்கிப் பரப்பிவிட்டது. நல்லவேளை, ஆண் சிறியது. ஆண் பெரியதாகவும் பெண் குட்டை ரகமாகவும் இருந்தால் குட்டி பெருத்து, பிரசவம் சிக்கலாகும். சினைக்காலம் 31 நாள்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். ஆணுக்குக் கருத்தடை செய்வதே வழி. நெல்லை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துப் பாருங்கள். அறுவை முடிந்தும் ஆறு வாரம் தனியாகவே வையுங்கள். இரண்டு ஆண்களைச் சேர்த்து வளர்க்கும் ஆசையே வேண்டாம்.

கூண்டுத் தரை வெறும் கம்பியாக இருந்தால் இரண்டுக்குமே கஷ்டம். கம்பித் தரையில் பெருசுக்கு எடையால் பாதம் புண்ணாகும். சிறுசுக்குக் கால் இடுக்கில் மாட்டும். பலகையோ சாக்கோ விரியுங்கள். வேலிமசால், அருகம்புல், அகத்தி எதுவானாலும் இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே தட்டென்றால் பெருசு காலி செய்துவிடும்.

நம் ஊரில் பெரிய எதிரி வெயில்தான். வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற ரகங்களைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிறார்கள், குளிர்ந்த இடம். சங்கரன்கோவிலில் சித்திரை மாதம் தகரக் கூரைக்கு அடியில் அதே முயல் என்ன பாடுபடும்! முயலுக்கு வேர்க்காது, சூடு வெளியேறுவது பெரும்பாலும் காது வழியாக. உடம்பு பெருத்தது முதலில் மூச்சிரைத்து, கூண்டில் குளிர்ந்த மூலை எதுவோ அதைப் பிடித்துக்கொள்ளும். சிறுசை அங்கே அண்டவிடாது. அதனால் ஈரச் சாக்கு இரண்டு, துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும் இரண்டு. சிறுசுக்கென்று வாய் குறுகிய பழைய மண்பானை ஒன்றைப் பக்கத்தில் ஓட்டை போட்டு, கிடத்தி வையுங்கள். துரத்தினால் ஒரு வழியில் நுழைந்து மறு வழியில் வந்துவிடும். பெருசுக்கு அதில் மூக்கு மட்டும்தான் நுழையும்.