யாழ்ப்பாணத்து விளையாட்டுச் செய்தியாளர்: ஊரின் பெயர்களை எழுதிவைத்தவர்

புலம்பெயர்ந்த பல வீடுகளில் பழைய அல்பம் ஒன்று இருக்கும். திருமணப் படங்களுக்கு நடுவில் மஞ்சளித்துப்போன ஒரு பத்திரிகை நறுக்கும் ஒட்டப்பட்டிருக்கும். அப்பாவோ மாமாவோ என்றோ ஒரு பின்னேரம் கோல் போட்ட செய்தி அது. அதற்குக் கீழே எழுதியவரின் பெயர் அநேகமாக இருக்காது. அந்தப் பெயரில்லாத மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை.

யாழ்ப்பாணம் சிறிய நகரம். ஆனால் விளையாட்டுக்குப் பஞ்சமில்லாத இடம். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் போர்' துடுப்பாட்டம் 1904இல் தொடங்கியது. குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றிஸ் என்று உதைபந்தாட்டத்துக்கு ஊருக்கொரு கழகம். கரப்பந்தாட்டமும் அப்படித்தான். இவை எல்லாவற்றையும் கொழும்புப் பத்திரிகைகள் எழுதமாட்டா. 1959இல் தொடங்கிய 'ஈழநாடு', 1985இல் தொடங்கிய 'உதயன்' போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகள்தான் எழுதின.

இந்தச் செய்தியாளர்களில் முழுநேர ஊழியர்கள் குறைவு. பகலில் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ வேலை. நான்கு மணிக்குச் சைக்கிளில் மைதானம். ஆட்டம் முடிந்ததும் புள்ளி குறிப்பவரிடமும் மத்தியஸ்தரிடமும் போய்ப் பெயர்களைச் சரிபார்க்கவேண்டும். ஒரே அணியில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். முதலெழுத்து மாறினால் அடுத்தநாள் காலை தாய்மார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இரவு பக்கம் மூடுமுன் செய்தி அலுவலகம் போய்ச் சேரவேண்டும். கிடைப்பது பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்ற சிறு தொகை. அது சைக்கிள் ரியூப்புக்கும் தேத்தண்ணிக்கும் போய்விடும்.

எழுத்திலும் ஒரு நிதானம் வேண்டும். இரண்டு ஊர்க் கழகங்கள் மோதும் இறுதியாட்டத்தில் கைகலப்பு வந்தால், எழுதுபவரும் ஏதோ ஓர் ஊரைச் சேர்ந்தவர்தானே. 'நம்மட பெடியளைப் பற்றி ஏன் இப்படி எழுதினனீ?' என்று ஒருபக்கம் கேட்கும். பக்கச்சார்பு என்று மறுபக்கம் சொல்லும். அதனால் கோல் விழுந்த நிமிடம், போட்டவரின் பெயர், முடிவு என்று நடந்ததை மட்டும் எழுதப் பழகிக்கொண்டார்கள். அந்த வறண்ட வரிகள்தான் இன்று நம்பத்தக்க பதிவாக நிற்கின்றன.

போர் இந்த வேலையை வேறொன்றாக மாற்றியது. 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990களின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் இல்லாமல் பாடசாலைக் கொப்பித் தாளிலும் பத்திரிகை வந்தது. மின்சாரம் இல்லை; ஜாம் போத்தல் விளக்கில் எழுதினார்கள். 2006 மே 2இல் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஏ-9 பாதை மூடப்பட்டபின் தாள் தட்டுப்பாட்டால் பக்கங்கள் சுருங்கின.

அப்படியான நாட்களில் விளையாட்டுச் செய்தி எதற்கு என்று கேட்கலாம். இழப்புச் செய்திகள் நிறைந்த தாளில், ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் பெயர் அவன் ஆடிய ஆட்டத்துக்காக வருவது சின்ன விடயம் அல்ல. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் சான்றிதழ்களும் கேடயங்களும் போய்விட்டன. அவர்கள் ஆடினார்கள் என்பதற்கு மிஞ்சிய சாட்சி அந்த நறுக்கு மட்டுமே.

பெரிய பெயர்களும் சின்ன மைதானங்களில்தான் தொடங்குகின்றன. 1958 ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ் மத்திய கல்லூரி மாணவர். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தர்ஜினி சிவலிங்கமும், 2024இல் ஐபிஎல்லில் பந்துவீசிய விஜயகாந்த் வியாஸ்காந்தும் யாழ்ப்பாணப் பிள்ளைகளே. இப்படி ஒருவர் வெளியே தெரியவர, பெயர் தெரியாத நூறு பேர் அவரோடும் அவருக்கெதிராகவும் ஆடியிருக்கவேண்டும். அந்த நூறு பேரையும் எழுதிவைத்தவர் உள்ளூர்ச் செய்தியாளர்தான்.

இன்று ஊரில் ஆட்டம் நடக்கும்போதே ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கைத்தொலைபேசியில் பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் நேரலை ஓடி மறைந்துவிடும். முதலெழுத்தோடு பெயரை எழுதிவைக்க ஒருவர் இன்னமும் தேவை. ஊர்ச் சுற்றுப்போட்டிக்குக் கிண்ணமும் சீருடையும் அனுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், அந்தப் போட்டியை எழுதிப் பதிவாக்குபவருக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கலாம்.

இன்னொன்று நம் கையிலேயே இருக்கிறது. அல்பத்தில் உள்ள அந்த நறுக்கைப் படம் எடுத்து, ஆண்டையும் ஊரையும் குறித்து, ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அப்பா இருக்கும்போதே கேளுங்கள்: அன்றைக்கு மைதான ஓரத்தில் கொப்பியோடு நின்றவர் யார்? பெயர் தெரிந்தால், அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.