நாணயத்துச் சிங்கமும் கிர்க் காட்டுச் சிங்கமும்

நாம் நாள்தோறும் கையாளும் ரூபாய்த் தாள்களிலும் நாணயங்களிலும் தவறாமல் இடம்பெறும் விலங்கு சிங்கம். சாரநாத்தில் அசோகர் எழுப்பிய தூணின் தலைப்பகுதியில், ஒன்றன் முதுகோடு ஒன்று சேர்ந்து நாற்றிசையும் நோக்கி நிற்கும் சிங்கங்களே அவை. நான்கில் மூன்று மட்டுமே படத்தில் நம் கண்ணுக்குத் தெரியும். 1950 சனவரி 26 அன்று இது நாட்டின் தேசியச் சின்னமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 1949இல், ஒரு ரூபாய்த் தாளில் ஆங்கிலேய மன்னரின் உருவம் இருந்த இடத்தை இச்சின்னம் பெற்றுவிட்டது.

இந்திய ரிசர்வ் வங்கியின் முத்திரையில் மட்டும் சிங்கம் இல்லை. 1935இல் அவ்வங்கி தொடங்கப்பட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இரட்டை மொகர் நாணயத்தில் இருந்த சிங்கமும் பனைமரமும் முத்திரைக்கு மாதிரியாகக் கொள்ளப்பட்டன. ஆயினும், இந்தியாவுக்கு உரிய விலங்கு புலியே எனக் கருதிச் சிங்கத்தை நீக்கிப் புலியை அமைத்தனர். சிங்கம் நம் நாட்டு விலங்கு என்ற எண்ணம் அன்றே எவ்வளவு மங்கியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

இன்றும் சிங்கம் என்றவுடன் பலர் மனத்தில் தோன்றுவது ஆப்பிரிக்கப் புல்வெளிதான். குஜராத்தின் கிர்க் காட்டில் வாழும் நம் சிங்கத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அது ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடச் சிறியது" என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி எந்த அளவுக்கு உண்மை? இதனைச் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்போம்.

எடை சொல்வது என்ன?

கிர்க் காட்டின் வளர்ந்த ஆண் சிங்கத்தின் எடை 160 முதல் 190 கிலோ வரை, பெண் சிங்கத்தின் எடை 110 முதல் 120 கிலோ வரை எனக் குறிப்பிடப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் எடை பார்க்கப்பட்ட ஆண் சிங்கங்களின் சராசரி ஏறத்தாழ 188 கிலோ. பெண் சிங்கங்களின் சராசரி ஏறத்தாழ 124 கிலோ. கிழக்கு ஆப்பிரிக்கச் சிங்கங்கள் பொதுவாகத் தெற்கத்திய சிங்கங்களைவிடச் சற்று எடை குறைந்தவை. ஆக, ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு உண்டு. கிர்ச் சிங்கம் அந்த வரிசையில் பின்னால் நிற்கிறது என்பது உண்மையே. ஆனால் வரிசைக்கு வெளியே நிற்கவில்லை. கிர்க் காட்டின் பெரிய ஆண் சிங்கம் குரூகரின் சராசரி ஆண் சிங்கத்துக்கு எடையில் இளைத்ததன்று.

இங்கு ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும். நல்ல இரை கிடைத்தால் ஆண் சிங்கம் ஒரே வேளையில் 30 கிலோ வரை இறைச்சி உண்ணக்கூடியது. பசித்த வயிற்றோடும் நிறைந்த வயிற்றோடும் நிறுத்துப் பார்த்தால் ஒரே சிங்கத்தின் எடையில் வரும் வேறுபாடு, இரு நாட்டுச் சிங்கங்களின் சராசரிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட மிகுதியாக இருக்கலாம். சம்பளம் வரவான நாளின் இருப்பை மட்டும் பார்த்து ஒரு வாடிக்கையாளரின் சராசரி இருப்பை எவரும் முடிவு செய்வதில்லை. சிங்கத்தின் எடைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பால் வேறுபாட்டையும் மறத்தலாகாது. ஒரே காட்டின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள எடை வேறுபாடு, இருவேறு கண்டங்களின் ஆண் சிங்கங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது.

மண்டையோட்டின் சாட்சியம்

வயிறு நிறைந்தாலும் ஒட்டினாலும் எலும்பு மாறுவதில்லை. ஆகவேதான் விலங்கியலார் எடையைவிட மண்டையோட்டின் அளவை அதிகம் நம்புகின்றனர். மண்டையோட்டின் நீளம், கன்ன எலும்புகளுக்கு இடையிலான அகலம், பற்களின் நீளம் ஆகியவற்றை அளக்க அவர்கள் பயன்படுத்தும் கருவி வெர்னியர் காலிப்பர். நாம் பணியாற்றும் புணே அருகிலுள்ள ஆகுர்டியில் இக்கருவியை அறியாதவர் அரிது. வாகன உதிரிபாகங்கள் செய்யும் இங்குள்ள பட்டறைகளில் மில்லிமீட்டரின் சிறு பின்னத்தால் ஒரு பாகம் ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் அன்றாட நிகழ்ச்சி. இத்தகைய தொழில் செய்வோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது, அளக்க எடுத்துக்கொண்ட மாதிரிகளும் சரியாக இருக்க வேண்டும்.

கிர்க் காட்டின் வளர்ந்த ஆண் சிங்கங்களின் மண்டையோடு 33 முதல் 34 சென்டிமீட்டர் நீளம் உடையது. ஆப்பிரிக்காவின் பெரிய ஆண் சிங்கங்களின் மண்டையோடு இதைவிட நீளமானது. ஆனால் நீளத்தைக் காட்டிலும் வியப்பான வேறுபாடு ஒன்று உண்டு. கண்குழிக்குக் கீழே, முகத்துக்குச் செல்லும் நரம்பும் குருதிக்குழாயும் கடந்து போக எலும்பில் ஒரு துளை இருக்கும். ஆப்பிரிக்கச் சிங்கத்துக்குப் பக்கத்துக்கு ஒரு துளை. ஆய்வு செய்யப்பட்ட ஆசியச் சிங்க மண்டையோடுகளில் ஏறத்தாழப் பாதியில், ஒரு மெல்லிய எலும்புப் பாலம் அத்துளையை இரண்டாகப் பிரிக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1930இல் ஆங்கிலேய விலங்கியலார் போகாக் ஆசியச் சிங்கங்களைப் பற்றி எழுதியபோதே இத்தகைய எலும்புக் கூறுகளை எடுத்துக்காட்டினார்.

மாதிரி தவறினால் முடிவும் தவறும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஹாலிஸ்டர் 1917இல் வெளியிட்ட ஆய்வில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு வாஷிங்டன் விலங்குக் காட்சியகத்தில் வளர்ந்த சிங்கங்களின் மண்டையோடுகளை, அதே வட்டாரத்துக் காட்டுச் சிங்கங்களின் மண்டையோடுகளோடு ஒப்பிட்டார். கூண்டில் வளர்ந்தவற்றின் மண்டையோடு குறுகி அகன்றிருந்தது. இரையைப் பற்றி இழுத்துக் கிழிக்கும் வேலை இல்லாததால் தசையின் உழைப்பு மாற, எலும்பின் வடிவமும் மாறியது. பிறந்த நாடு ஒன்றே. வளர்ந்த விதம்தான் வேறு. ஆகவே காட்சியகத்து மண்டையோட்டை வைத்து ஒரு நாட்டுச் சிங்கத்தின் அளவைத் தீர்மானிக்க இயலாது.

தோற்றமும் இவ்வாறே ஏமாற்றக்கூடும். கிர்ச் சிங்கத்தின் பிடரிமயிர் குறைவு. காதுகள் வெளியே தெரியும். வயிற்றின் நீளத்துக்குத் தோல்மடிப்பு ஒன்று தொங்கும். ஆனால் பிடரிமயிரின் அடர்த்தி தட்பவெப்பத்தையும் பொறுத்தது. குளிர்நாட்டுக் காட்சியகங்களில் வளரும் சிங்கங்களுக்கு அது நீண்டு வளர்கிறது. அமெரிக்கக் காட்சியகங்கள் தூய ஆசியச் சிங்கங்கள் எனப் பேணிப் பெருக்கிய கூட்டத்தில் ஆப்பிரிக்கக் கலப்பு இருந்தது 1987இல் மரபியல் ஆய்வின் வழியேதான் உறுதியாயிற்று. கண்ணால் பார்த்து இது இன்ன நாட்டுச் சிங்கம் எனச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

குறுகிய வாயில்

அப்படியாயின் கிர்ச் சிங்கத்தின் உடலமைப்புக்குக் காரணம் என்ன? இரை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆப்பிரிக்காவில் வரிக்குதிரை, எருமை போன்ற பெரிய விலங்குகளைக் கூட்டமாகச் சேர்ந்து வீழ்த்த வேண்டும். கிர்க் காட்டில் முதன்மை இரை புள்ளிமான். அதற்குப் பெருங்கூட்டம் தேவையில்லை. எனவே இங்குப் பெண் சிங்கங்களின் குழுக்கள் சிறியவை. ஆண் சிங்கங்கள் பெரும்பாலும் தனியே திரிந்து, இனச்சேர்க்கைக்கும் பெரிய இரை கிடைத்த வேளைக்கும் மட்டுமே பெண் சிங்கங்களோடு சேர்கின்றன.

மற்றொரு காரணத்தை வரலாறு தருகிறது. ஒருகாலத்தில் மேற்காசியாவிலிருந்து வடஇந்தியச் சமவெளி வரை பரவியிருந்த ஆசியச் சிங்கம், வேட்டையால் அழிந்து, 19ஆம் நூற்றாண்டின் முடிவில் சௌராஷ்டிரத்தின் கிர்க் காட்டில் மட்டும் மிகச் சில எண்ணிக்கையில் எஞ்சியது. ஜூனாகத் நவாபுகள் அளித்த பாதுகாப்பே அவற்றைக் காத்தது. இன்றுள்ள சிங்கங்கள் அனைத்தும் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள். அவற்றின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதை ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன. சிறு கூட்டத்திலிருந்து பெருகும் இனத்தில், முன்னோர் சிலரிடம் தற்செயலாக இருந்த கூறு வழித்தோன்றல் பலரிடமும் பரவிவிடும். கண்குழிக்குக் கீழுள்ள அந்த எலும்புப் பாலத்தை, அவ்வினம் நுழைந்து வந்த குறுகிய வாயிலின் அடையாளமாகக் கொள்ள இடமுண்டு.

இன்றைய வகைப்பாடும் இதே பாடத்தைச் சொல்கிறது. 2017இல் பன்னாட்டுப் பூனையின வல்லுநர் குழு, சிங்கங்களை இரு துணையினங்களாக மட்டும் பிரித்தது. இந்தியா, மேற்கு மற்றும் நடு ஆப்பிரிக்கா ஆகியவற்றின் சிங்கங்கள் ஒரு பிரிவு. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கச் சிங்கங்கள் மறு பிரிவு. கிர்ச் சிங்கத்தின் நெருங்கிய உறவினர் அளவில் ஒத்திருப்பவர் யார் என்று தேடிக் கண்டவர் அல்லர், குருதியால் ஒத்தவர்.

குவிந்திருக்கும் இடர்

ஆகவே நாம் கவலைகொள்ள வேண்டியது சிங்கத்தின் எடை 10 கிலோ குறைவு என்பது பற்றியன்று. அது ஒரே இடத்தில் குவிந்திருப்பது பற்றியே. எண்ணிக்கையைப் பொறுத்தவரை செய்தி மகிழ்ச்சிக்குரியது. 1968இல் 177ஆக இருந்த சிங்கங்கள் 2020இல் 674ஆகவும், 2025 கணக்கெடுப்பில் 891ஆகவும் பெருகியுள்ளன. குஜராத் வனத்துறையும், கால்நடைகளை இழந்தும் சிங்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் சௌராஷ்டிர மக்களும் இதற்குப் பாராட்டுக்கு உரியவர்கள்.

ஆயினும் அத்தனையும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. 1994இல் செரெங்கெட்டியில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி மூன்றில் ஒரு பங்குச் சிங்கங்கள் மாண்டன. சிங்கங்கள் வாழும் நிலப்பரப்பு ஆப்பிரிக்காவில் பல இடங்களிலும் இருந்ததால் இனத்துக்கு ஆபத்து நேரவில்லை. 2018இல் கிர்க் காட்டின் தல்கானியா சரகத்தில் அதே வைரஸ் தென்பட்டது. சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. சிங்கங்களுக்கு இரண்டாவது வாழிடம் வேண்டும் எனக் கருதி, சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றுமாறு உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டிருந்தது. அது இன்னும் நிறைவேறவில்லை. குஜராத்துக்குள்ளேயே போர்பந்தர் அருகிலுள்ள பர்தா சரணாலயத்துக்குச் சிங்கம் ஒன்று 2023இல் தானாகவே வந்து சேர்ந்தது ஆறுதல் தரும் செய்தி. ஆனால் அதுவும் சௌராஷ்டிரத்துக்குள்தான் உள்ளது.

ஒரே துறைக்கு, ஒரே ஊருக்கு எல்லாக் கடனையும் வழங்கும் வங்கி, தொகை எவ்வளவு பெரிதாயினும் நிம்மதியாக உறங்க முடியாது. வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே முதலீட்டில் வைத்திருப்பவருக்கும் அதே நிலைதான். கணக்கில் உள்ள தொகை பெருகுவது ஒன்று. அது பாதுகாப்பாகப் பரவியிருப்பது வேறொன்று. கிர்ச் சிங்கத்தின் கணக்கில் முதலாவது நடந்துவிட்டது. இரண்டாவதற்கான முடிவை எடுக்கும் பொறுப்பு, அதன் உருவத்தைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் நம் அனைவருக்கும் உண்டு.