பக்கத்தில் அமர்ந்து இசைப்பவர்கள்

நோயாளியின் கட்டிலருகே எப்பொழுதும் ஓர் இருக்கை இருக்கும். அதில் அமர்பவர் மனைவியாகவோ மகனாகவோ மருமகளாகவோ இருக்கலாம்; சில வேளைகளில் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம். எந்த மாத்திரை உணவுக்கு முன், எது உணவுக்குப் பின் என்பதை நினைவில் வைத்திருப்பவர் அவரே. நள்ளிரவில் குளுக்கோஸ் பாட்டில் தீரும் நேரம் பார்த்துச் செவிலியரை அழைப்பவரும் அவரே. ஆயினும் நலம் விசாரிக்க வருவோர் பெரும்பாலும் நோயாளியிடம் மட்டுமே பேசிவிட்டுச் செல்கின்றனர்.

கருநாடக இசைக் கச்சேரியிலும் இத்தகைய ஓர் இருக்கை உண்டு. பாடுபவரின் பக்கத்தில் வயலினுடன் அமர்ந்திருப்பவரின் இருக்கை அது. அவரைப் பக்கவாத்தியக் கலைஞர் என்கிறோம். தஞ்சைத் தரணி இத்தகைய கலைஞர்கள் பலரை நாட்டுக்கு அளித்துள்ளது. உடனிருந்து இசைப்பதற்கு அவர்கள் கண்ட முறைகள், நோயாளியுடன் இருப்போருக்கும் பயன்படக்கூடியவை.

குரலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்ட கருவி

வயலின் ஐரோப்பியருடன் நம் நாட்டுக்கு வந்த கருவி. அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் திருவாரூரில் பிறந்த பாலுசாமி தீட்சிதர் (1786–1858). இவர் முத்துசாமி தீட்சிதரின் இளவல். குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலியில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து இவர் வயலின் கற்றார்.

அவ்வழியில் வந்த மற்றொருவர் வடிவேலு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார் நால்வரையும் தஞ்சை நால்வர் என்று வரலாறு போற்றுகிறது. முத்துசாமி தீட்சிதரிடம் இசை பயின்ற இவர்கள், தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் அவையை அணி செய்தனர். அலாரிப்பு முதல் தில்லானா வரை இன்று பரதநாட்டிய மேடையில் நாம் காணும் நிகழ்ச்சி வரிசையை வகுத்தவர்கள் இவர்களே. வடிவேலு பின்னர் திருவிதாங்கூர் சென்றார். அவருடைய வயலின் திறனை மெச்சிய மன்னர் சுவாதித் திருநாள், 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலான வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார்.

அயல்நாட்டுக் கருவி நம் மேடையில் எவ்வாறு நிலைபெற்றது? மேலை இசையில் வயலினின் நான்கு தந்திகளும் வரையறுக்கப்பட்ட நான்கு சுரங்களுக்குச் சேர்க்கப்படுகின்றன. பாடுபவர் எவராயினும் அவை மாறுவதில்லை. நம் கலைஞர்கள் அவ்வமைப்பை மாற்றினர். பாடுபவரின் குரல் எந்தச் சுருதியில் இயல்பாக ஒலிக்கிறதோ, அதற்கேற்ப நான்கு தந்திகளையும் சட்ச, பஞ்சமங்களாகச் சேர்த்துக்கொண்டனர். நின்றுகொண்டு தோளில் ஏந்தி வாசிக்கும் முறையை விடுத்து, தரையில் சப்பணமிட்டு அமர்ந்து, கருவியின் முனையைக் காலின்மேல் ஊன்றி வாசிக்கத் தலைப்பட்டனர். இதனால் இடக்கை தடையின்றித் தந்தியின்மேல் வழுக்கிச் சென்று, குரலில் எழும் கமகங்களை அவ்வாறே காட்ட முடிந்தது.

உடனிருப்போர் கருதத்தக்க முதற்செய்தி இதுவே. கச்சேரி தொடங்குமுன் வயலின் கலைஞர் பாடகரின் சுருதியைக் கேட்டுத் தம் தந்திகளைச் சரிசெய்கிறார்; பாடகரைத் தம் சுருதிக்கு வருமாறு கேட்பதில்லை. நேற்று நன்றாக உண்ட நோயாளி இன்று உணவை மறுக்கலாம். காலையில் பேசியவர் மாலையில் பேச விரும்பாதிருக்கலாம். அன்றன்று அவருடைய நிலையைக் கேட்டறிந்து தொடங்குவதே நலம்.

முந்தாமல் தொடர்தல்

கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை (1898–1970) பக்கவாத்தியமாக வயலின் வாசித்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர். அரியக்குடி இராமானுச ஐயங்கார் முதலிய பெரும் பாடகர்களுக்கு வாசித்தவர். 1948-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. அளவாகவும் இனிமையாகவும் வாசிப்பவர் என்று இசையுலகம் அவரைக் கொண்டாடியது.

பக்கவாத்தியத்துக்கு எழுதாத விதிகள் சில உண்டு. பாடகர் இராக ஆலாபனை செய்யும்போது வயலின் அவருக்கு முன்னே செல்லலாகாது. ஒரு கணம் பின்னே, நிழல்போல் தொடர வேண்டும். பாடகர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில், அவர் விட்ட சுரத்தை வயலின் தாங்கிப் பிடிக்க வேண்டும். தமக்குரிய முறை வரும்போது வயலின் கலைஞரும் அந்த இராகத்தை வாசிப்பார்; ஆனால் பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடந்து நீட்டமாட்டார்.

மருத்துவர் நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கு உடனிருப்பவர் முந்திக்கொண்டு விடை சொல்வதை வார்டுகளில் அன்றாடம் காண்கிறோம். அன்பினால் செய்யும் செயலே அது. எனினும் வலி எங்கே, எத்தகையது என்பதை நோயாளியின் சொல்லிலேயே மருத்துவர் கேட்க வேண்டும். அவர் சொல்லி முடித்தபின், விடுபட்டதை உடனிருப்பவர் நிரப்பலாம்.

பக்கவாதத்தால் பேச்சுத் தடைப்பட்டவர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அவர்களுள் பலர் நாம் பேசுவதைப் புரிந்துகொள்கின்றனர். தாம் சொல்ல விரும்பும் சொல்தான் எளிதில் வருவதில்லை. அவர்களுடைய வாக்கியத்தை உடனே நாம் முடித்துவிட்டால், முயலும் ஊக்கமே குன்றிவிடக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்பதும், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று தலையசைத்து விடை சொல்லும்படி அதனை அமைப்பதும், பிறகு பொறுமையுடன் காத்திருப்பதும் பயன்தரும்.

தலைவர் இல்லாத நால்வர்

ஒரு நோயாளியைக் குடும்பத்தார் பலர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. யார் எதைச் செய்வது? இதற்கும் தந்தி இசையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

1993-ஆம் ஆண்டில் வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மன் சென்னையில் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழுவை நிறுவினார். இளையராசாவின் இசைக்குழுவில் நெடுங்காலம் வயலின் வாசித்தவர் அவர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்பது இத்தகைய குழுவின் அமைப்பு. ஐரோப்பாவில் வளர்ந்த இந்த வடிவத்தில், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசரின் கீர்த்தனைகளை இவர்கள் இசைத்தனர். இராகத்தின் வடிவம் சிதையாமல் கீர்த்தனை ஒலிக்க, மற்றக் கருவிகள் அதற்குப் பொருந்தும் வேறு சுரங்களால் அதனைச் சூழ்ந்து நின்றன.

பெரிய இசைக்குழுவுக்கு முன்னால் கோல் ஏந்தி நடத்துபவர் ஒருவர் நிற்பார். நால்வர் குழுவில் அப்படி எவரும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்தும், மற்றவரின் வில் எழும் கணத்தைக் கவனித்தும் அவர்கள் ஒன்றாகத் தொடங்குகின்றனர். வியோலாவின் ஒலி வயலினுக்கும் செல்லோவுக்கும் இடைப்பட்டது. கேட்போர் அதைத் தனியே கவனிப்பது அரிது. அது நின்றுவிட்டாலோ இசையின் நடுப்பகுதி வெறுமையாகிவிடும்.

குடும்பத்திலும் மருத்துவருடன் பேசுபவர் ஒருவர், இரவில் தங்குபவர் ஒருவர், வீட்டில் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர் ஒருவர் என்று பணிகள் பிரிகின்றன. மருத்துவமனைக்கே வராமல் வீட்டைக் காப்பவரின் பணியும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மருத்துவரிடம் பேசுவதற்கு ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் கேட்டறிந்ததை மற்றவர்களுக்குச் சொல்வது குழப்பத்தைத் தவிர்க்கும். மருந்துகளின் பெயர், வேளை, அடுத்து வர வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்தால் எவர் முறைக்கு வந்தாலும் அது துணை நிற்கும்.

தனி ஆவர்த்தனமும் ஓய்வும்

கச்சேரியின் நடுவே தனி ஆவர்த்தனம் என்றொரு பகுதி வரும். மிருதங்கமும் அதனுடன் கடம், கஞ்சிரா முதலியனவும் மட்டும் அப்போது ஒலிக்கும். பாடகர் தாளம் போடுவார். அதுவரை இடைவிடாது வாசித்த வயலின் கலைஞர் கருவியை மடியில் கிடத்திக் கையை ஆற்றிக்கொள்வார். அவர் கடமை தவறிவிட்டார் என்று சபையில் எவரும் எண்ணுவதில்லை. ஓய்வு கச்சேரியின் அமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையிலும் இதைக் காணலாம். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அங்குக் கூடி, ஊதியம் கருதாமல், அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒன்றாக இசைக்கின்றனர். புகழ்பெற்ற வித்துவான்களும் இளங்கலைஞர்களும் அங்கு ஒரே வரியை ஒரே நேரத்தில் பாடுகின்றனர். வயலின்களும் வீணைகளும் உடன் ஒலிக்கின்றன. இடையில் ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினாலும் பாட்டு நிற்பதில்லை. மற்றவர்கள் அதனைத் தாங்கிச் செல்கின்றனர்.

நீண்ட நோயில் உடனிருப்போர் பலர் இந்த ஓய்வைத் தமக்கு மறுத்துக்கொள்கின்றனர். தூக்கமின்மை, காரணமின்றி எழும் சினம், பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, தமக்குரிய இரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ மறத்தல் ஆகியவை களைப்பு முற்றியதன் அறிகுறிகள். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தமக்காகவும் மருத்துவரைக் காண வேண்டும்.

கடைமடை வரை நீர் சென்று சேர வேண்டும் என்பதற்காக முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கம் நம் வயல்களுக்குப் புதிதன்று. அதுபோல் வாரத்துக்குச் சில மணி நேரமேனும் வேறொருவர் கட்டிலருகே இருக்குமாறு முறை வையுங்கள். உதவி வேண்டுமா என்று கேட்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடாமல், ‘செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை வாருங்கள்’ என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள்.

வைத்தியசாலைக்கு அருகே வீணை

இசை நோயைத் தீர்க்குமா என்று சிலர் கேட்பதுண்டு. தஞ்சையின் வரலாறு இதற்கு நல்லதொரு வழி காட்டுகிறது. வடிவேலு முதலியோரை ஆதரித்த மன்னர் சரபோசி, தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் பேணினார். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், கண்ணின் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. கண்ணுக்கு மருத்துவமும் செவிக்கு இசையும் அந்த அவையில் அருகருகே இருந்தன. ஒன்றின் இடத்தை மற்றொன்று எடுத்துக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில் தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரும் (1859–1919) அவ்வாறே வாழ்ந்தார். ஆசிரியராகப் பணியாற்றிப் பின் சித்த மருத்துவரானவர் அவர். இளமையில் திண்டுக்கல்லில் வயலின் கற்றவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசைக்குச் செலவிட்டார். 1912-ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தஞ்சைக்கு அழைத்துத் தம் செலவிலேயே மாநாடுகள் நடத்தினார். 1916-ஆம் ஆண்டு பரோடாவில் நடந்த அனைத்திந்திய இசை மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அவருடைய பெருநூலாகிய ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளிவந்தது.

இன்றைய மருத்துவ ஆய்வும் அளவோடுதான் பேசுகிறது. 2013-ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 26 ஆய்வுகளில் பங்குகொண்ட 2,051 பேரின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தது. அறுவை சிகிச்சைக்கு முன் இசை கேட்பது மனப்பதற்றத்தைக் குறைக்க உதவக்கூடும் என்பது அதன் முடிவு. இசை மருந்துக்கு மாற்றன்று. மருந்துடன் இருக்கும் பக்கவாத்தியம்.

நோயாளிக்கு இசை கேட்பிக்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்க:

• எதைக் கேட்க விருப்பம் என்று நோயாளியிடமே கேளுங்கள். வீணையோ, நாட்டுப்பாடலோ, பழைய திரைப்பாடலோ, அவருக்குப் பிடித்ததே ஏற்றது.

• ஒலியைக் குறைத்து வையுங்கள். பொது வார்டில் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் ஓய்வு தேவை. காதொலிக் கருவி (ஹெட்போன்) பயன்படுத்தினால், செவிலியர் அழைப்பது கேட்கும் அளவில் வையுங்கள்.

• மருத்துவர் பார்வையிடும் நேரத்தில் இசையை நிறுத்திவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் இசைவு பெற்ற பின்னரே கேட்பிக்க வேண்டும்.

• சில பாடல்கள் பழைய நினைவுகளை எழுப்பிக் கண்ணீரை வரவழைக்கலாம். தொடரவா, நிறுத்தவா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு அருகில் இருங்கள்; அப்போது பேச வேண்டும் என்பதில்லை.

கச்சேரி முடிந்ததும் மக்கள் பாடகரைச் சூழ்ந்துகொள்வர். இசை தெரிந்தவர்கள் வயலின் கலைஞரிடமும் சென்று இரண்டு வார்த்தை பேசிவிட்டே புறப்படுவர். நோயாளியைக் காண வருவோரும் கட்டிலருகே அமர்ந்திருப்பவரை நோக்கி, ‘நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?’ என்று ஒருமுறை கேட்டுச் செல்ல வேண்டுகிறோம்.