கண்ணாடி ஊதும் பள்ளிக்கூடம்

ஹார்லிக்ஸ் பாட்டில், வளையல், அரிக்கேன் விளக்கின் சிம்னி என்று கண்ணாடி புழங்காத வீடு உண்டா? ஆனால் அது உருவாவதைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கு அந்த வாய்ப்பு அமெரிக்காவில் கிடைத்தது.

என் அக்கா குடும்பம் சியாட்டிலில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், ஸ்டான்வுட் அருகே காட்டுக்குள் இருக்கிறது பில்சக் கண்ணாடிப் பள்ளி. கோடையில் ஒருநாள் பொதுமக்களை உள்ளே விட்டு எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்.

நாங்கள் வெறும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த அக்கா மகள், கண்ணாடி ஊதத்தான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "வயசுப்பெண் நெருப்போடு மல்லுக்கட்டவா? முகத்தில் தீக்காயம் பட்டால் என்ன செய்வேன்?" என்று அக்காவுக்கு ராத்தூக்கமே இல்லை. "நீயும் வந்து பார்த்துச் சொல்லுடி" என்று என்னை அழைத்துப் போனாள்.

கூடாரத்தில் தொடங்கியது

1971-ல் டேல் சிஹூலி என்ற கலைஞர், ஹாபர்க் தம்பதியின் ஆதரவோடு அவர்களுடைய மரப்பண்ணையில் இதைத் தொடங்கினார். முதல் கோடையில் கொட்டும் மழையில் கூடாரமடித்து, உலையையும் தாங்களே கட்டினார்களாம்! 1976-ல் கார் விபத்தில் சிஹூலிக்கு இடது கண் பார்வை போயிற்று. 1979-ல் தோளில் அடிபட்டதும் ஊதுகுழலைப் பிடிக்க முடியவில்லை. அப்படியும் விடவில்லை மனிதர். படம் வரைந்து கொடுத்துக் குழுவை வைத்து வேலையைத் தொடர்ந்தார்.

நம் அடுப்படி மாதிரியே!

மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு இவைதான் கண்ணாடிக்கு மூலப்பொருள். ஆயிரம் டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உலையில் உருகித் தேன் பதத்தில் தகதகக்கிறது. நீண்ட இரும்புக் குழலின் நுனியில் அதைச் சுற்றி எடுத்து ஊதினால் குமிழி! குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். ஈரச் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்து, அதாலேயே உருவம் கொடுக்கிறார்கள். நீல நிறத்துக்குக் கோபால்ட் சேர்ப்பார்கள். ஒருவகைச் சிவப்புக்குத் தங்கமே சேர்ப்பார்களாம்.

செய்த பொருளை அப்படியே ஆறவிடுவதில்லை. சுமார் 480 டிகிரி சூடுள்ள அடுப்பில் வைத்து, மணிக்கணக்கில் மெள்ள மெள்ளச் சூட்டைக் குறைக்கிறார்கள். இல்லாவிட்டால் விரிசல்தான். நம் வீட்டு டம்ளரும் இதனால்தான் விரிகிறது. கொதிக்கும் காபியை ஊற்றியதும் உள்பக்கம் சட்டென்று விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. தடித்த கண்ணாடிக்கு இந்த ஆபத்து அதிகம். முதலில் வெதுவெதுப்பான நீரால் அலசிவிட்டு ஊற்றுங்கள். சூடான கண்ணாடியை ஈர மேடையில் வைக்காதீர்கள்.

அக்கா கேட்ட கேள்வி

குழலோடு நின்ற ஒரு பெண்ணிடம், "பயமாக இல்லையா?" என்று அக்கா கேட்டே விட்டாள். அவள் சிரித்தாள். "பயம் இருக்கணும். பருத்தி உடை, மூடிய செருப்பு, கட்டிய கூந்தல், பக்கத்தில் துணை இல்லாமல் உலைக்குப் போக மாட்டோம்." நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளுமாம். அடுப்படியில் நிற்கும் நமக்கும் இது பொருந்தும்தானே!

இங்கே முதன்முதலில் பாடம் நடத்திய பெண் ஃப்ளோரா மேஸ். 1979-ல் இங்கே சந்தித்த ஜோயி கிர்க்பாட்ரிக்கும் இவரும் சேர்ந்தே பல ஆண்டுகள் கண்ணாடிச் சிற்பங்கள் செய்து பெயர் வாங்கினார்கள்.

அக்கா நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி குழலை உருட்ட, ஒருத்தி உலைக் கதவைத் திறக்க, அடுத்தவரைக் கவனிக்காமல் யாரும் ஓரடி வைக்கவில்லை. கடைசியில் மகளிடம், "முதலில் நம்ம ஊர்ப் பட்டறையில் வாரக்கடைசி வகுப்பில் சேர். கை பழகட்டும், அப்புறம் இங்கே வரலாம்" என்றாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கணுமே!

பிள்ளைகள் புதிதாக எதையாவது கேட்டால், உடனே மறுக்காதீர்கள். ஒருமுறை கூடவே போய்ப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.