கரண்டு வைத்தியம்

பெரம்பூர் ரயில் நிலையத்துக்குச் சமீபத்தில், ஒரு சந்தில், எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. பெயர் நமக்கு வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு வயது இருபத்து நாலு. ரயில் போகும் சத்தம் நமக்கெல்லாம் 'தடதட' என்று கேட்கும். அவன் காதுக்கோ அது தன்னை வைவதாகக் கேட்டது. ரயில் போன பிற்பாடும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று குரல்கள் சொல்லவே, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவான். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மனச்சிதைவு, அதாவது ஸ்கிஸோபிரீனியா.

இரண்டு மருந்துகள் பலிக்கவில்லை. மூன்றாவதாகக் கொடுத்த குளோஸபினும் பாதி வழியில் நின்றுவிட்டது. "மருந்தோடு மின்சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். அன்று மாலை அந்தத் தாயார் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. கரண்டு வெச்சா எங்க புள்ளைக்கு எதுனா ஆயிடாதா?"

அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? நம் சினிமாக்காரர்கள் அவளுக்குக் காட்டியிருப்பது அப்படி. கதாநாயகனைக் கட்டிலில் கட்டிப்போட்டு, வில்லன் ஒரு விசையைத் திருகுவான், கதாநாயகன் துடிதுடிப்பான். போதாக்குறைக்கு, சென்னையில் யாராவது கொஞ்சம் உளறினால் போதும், "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு" என்று கேலி வேறு! பெரம்பூருக்கு அடுத்தாற்போல் அயனாவரத்தில், மேடவாக்கம் குளச் சாலையில், 1871-ஆம் வருஷத்திலிருந்து நடந்துவரும் மனநல ஆஸ்பத்திரியைத்தான் இப்படிப் பரிகாசப் பொருளாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த வைத்தியம் பிறந்த கதை விசித்திரமானது. 1934-ல் ஹங்கேரியில் மெடூனா என்ற டாக்டர், காக்காய் வலிப்பும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணினார். கற்பூர மருந்தை ஊசியால் ஏற்றி, நோயாளிக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவழைத்தார். அவர் எண்ணம் தவறு. ஆனால் சில நோயாளிகள் தேறினார்கள்! இத்தாலியில் செர்லெட்டி என்பவர், ரோமாபுரிக் கசாப்புக் கூடத்தில் பன்றிகளுக்கு மின்சாரம் பாய்ச்சுவதைப் பார்த்தார். அவை வலிப்பில் விழுந்தனவேயன்றி அதனால் சாகவில்லை. 1938 ஏப்ரலில் அவரும் பீனி என்ற டாக்டரும் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள். அந்த மனிதர், ரயில் நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிந்து, போலீஸார் கையில் சிக்கியவர். ரயில் நிலையத்துக்கும் இந்த வியாதிக்கும் என்ன சம்பந்தமோ, தெரியவில்லை!

அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. உடம்பு முழுவதும் தூக்கிப் போடும். முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. ஆகவே சினிமாக்காரர்கள் சொல்வது முழுப் பொய் அல்ல. பழைய கதை, அவ்வளவுதான். நம் நாட்டிலும் வெகு காலம் மயக்கம் கொடுக்காமலே செய்துவந்தார்கள். 2018-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்குத் தடை போட்டது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டதை நாம் மறந்துவிட முடியுமா?

இப்போது நடப்பதென்ன? வெறும் வயிற்றோடு படுத்திருப்பவருக்கு மயக்க ஊசியும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போடுகிறார்கள். பிராணவாயு கொடுக்கிறார்கள். மின்சாரம் பாய்வது ஒரு சில நொடிகள். வலிப்பு மூளையில் ஒரு நிமிஷம் போல ஓடுகிறது. வெளியில் பார்த்தால் கால்விரல் லேசாகத் துடிப்பதுதான் தெரியும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாக, சாதாரணமாக ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை வரை செய்கிறார்கள். தலைவலி வரும், ஞாபகம் குழம்பும். சிலருக்குச் சில நினைவுகள் திரும்பாமலே போவதும் உண்டு. இதை ஒளிக்கக் கூடாது.

மனச்சிதைவுக்கு முதல் வைத்தியம் மருந்துதான். 1952-ல் குளோர்புரோமஸின் வந்தபிறகு மின்சிகிச்சை பின்னுக்குப் போயிற்று. மருந்து தோற்ற இடத்தில்தான் அதற்கு வேலை. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், குளோஸபினுக்கு மசியாத 39 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். மின்சிகிச்சையும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் எட்டு வாரத்தில் நன்கு தேறினார்கள். மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்த அளவுக்குத் தேறவில்லை. சிறிய ஆராய்ச்சிதான், ஆனாலும் ஒரு தாய்க்குச் சொல்லத் தகுந்த செய்தி.

வலிப்பே இல்லாத முறைகளும் வந்திருக்கின்றன. மண்டைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தட்டும் கருவியை, 1985-ல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் பார்க்கர் என்பவர் செய்து காட்டினார். பெங்களூர் நிம்ஹான்ஸில், வெறும் 2 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை நெற்றிக்கும் காதுப் பக்கத்துக்கும் இடையே இருபது நிமிஷம் செலுத்தி, காதில் கேட்கும் குரல்களை அடக்கப் பார்க்கிறார்கள். இதற்கு மயக்கம்கூட வேண்டாம். சிலருக்குக் குரல்கள் தணிகின்றன; சிலருக்கு இல்லை.

இத்தனையையும் அந்த அம்மாளுக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னேன்: "யோசித்துப் பதில் சொல்ல அவனால் முடியுமானால், முதல் கையெழுத்து அவனுடையது. உங்களுடையது அல்ல." அவள் திகைத்துப்போனாள். அவனைக் கேட்கலாம் என்று இதுவரை யாருக்குமே தோன்றவில்லை!

மறுநாள் மூவருமாகப் போனோம். அவன் வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைமுடிய எடுக்கணுமா?" என்றான்.

"வேண்டாம்" என்றார் டாக்டர்.

"காலையில டீ?"

"முடிந்த பிறகு குடிக்கலாம்."

கையெழுத்துப் போட்டான்.

எட்டுத் தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தாயார் பிளாஸ்கில் டீ போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு அவன் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். குரல்கள் அடியோடு போகவில்லை. "தூரத்துல பேசறாங்க" என்கிறான். மாத்திரை தொடர்கிறது. அந்த மாதம் அவனுடைய தங்கை புருஷன் வீட்டிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது மட்டும் அவனுக்கு ஞாபகமே இல்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்டு, அவள் இன்னொரு தடவை வந்துவிட்டுப் போனாள்.