பயணத்தில் பருகும் தண்ணீர்



இந்த மருத்துவமனை ஊழியத்தைத் தாங்கிவரும் சபைகளிலிருந்து எருசலேம் பயணம் செல்கிறவர்கள் அநேகர். யோர்தான், இஸ்ரவேல், எகிப்து ஆகிய மூன்று நாடுகளையும் பத்துப் பன்னிரண்டு நாட்களில் பேருந்தில் சுற்றி வருவது வழக்கம். பல ஆண்டுகள் சேமித்த பணத்தில் போகிறவர்களும், அரசின் உதவித்தொகை பெற்றுப் போகிறவர்களும் உண்டு. பலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அங்குள்ள நிலைமையை விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் விசாவைப் பற்றியும் உடைகளைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். குடிதண்ணீரைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிச் சில காரியங்களை எழுதுகிறேன்.

தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் அல்ல

வெளிநாட்டுப் பயணிகளை அதிகமாக வாட்டும் நோய் வயிற்றுப்போக்கே. போகும் நாட்டையும் பருவத்தையும் பொறுத்து, இரண்டு வாரப் பயணத்தில் 30 முதல் 70 சதவீதம் பேரை அது பிடிப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். "நம் ஊர்த் தண்ணீரையே குடித்து வளர்ந்தோம், நமக்கு என்ன ஆகும்?" என்று சொல்வாருண்டு. பழகிய கிருமிகளைத் தாங்கும் சக்தி உடலுக்கு ஓரளவு இருக்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் கிருமிகள் வேறுபடும். வயதும் சர்க்கரை நோயும் அந்தச் சக்தியைக் குறைத்துவிடும்.

1854ஆம் ஆண்டு லண்டன் நகரின் பிராட் தெருப் பகுதியில் காலரா பரவி, 600க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அத்தெருவின் கைப்பம்புத் தண்ணீர் சுவையானது என்று பெயர் பெற்றிருந்தது. அங்கிருந்து குடிபெயர்ந்து வெகுதூரம் போய்விட்ட ஒரு விதவை, அந்தச் சுவையை விட மனமின்றி அதைத் தருவித்துக் குடித்து இறந்துபோனார். தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ சொன்னபோது, அந்தப் பகுதி ஆலயத்தின் உதவிப் போதகர் ஹென்றி ஒயிட்ஹெட் நம்பவில்லை. அதைத் தவறென்று காட்டவே வீடு வீடாய்ப் போய் விசாரித்தார். முடிவில், நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றை ஒட்டியிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தவர் அவரே. தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டு மருத்துவருக்குத் துணைநின்றார். கண்ணும் நாவும் நல்லதென்று சொல்லும் தண்ணீரிலும் மரணம் இருக்கலாம் என்பதை அன்று அந்த மக்கள் அறிந்தார்கள்.

மூன்று நாடுகள், மூன்று விதம்

இஸ்ரவேல் நாட்டில் ஓட்டல்களின் குழாய்த் தண்ணீரைப் பொதுவாகக் குடிக்கலாம். யோர்தானில் தண்ணீர்ப் பஞ்சம் கடுமையாகையால், வீடுகளுக்கு முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள். அது மொட்டைமாடித் தொட்டிகளில் பல நாள் தேங்கி நிற்கும். ஆகவே அங்கே பாட்டில் தண்ணீர் வாங்குவதே நலம். எகிப்தில் குழாய்த் தண்ணீரைப் பயணிகள் குடிக்கவே கூடாது. பல் துலக்கவும் பாட்டில் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பாட்டில் வாங்கும்போது மூடியின் முத்திரை உங்கள் கையால் உடைய வேண்டும். ஏற்கெனவே தளர்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கெய்ரோ தெருக்களில் கரும்புச் சாறு விற்பதைக் கண்டால் நம் ஊர் ஞாபகம் வரும். 'தமர் ஹிந்தி' என்னும் புளிப் பானகமும் கிடைக்கும். அதில் கலந்த தண்ணீர் எது, மிதக்கும் ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்பது நமக்குத் தெரியாது. குளிர் கிருமியைக் கொல்லாது. பச்சைக் காய்கறிக் கலவையும் அப்படியே. அது குழாய்த் தண்ணீரில் கழுவப்பட்டிருக்கும். கொதிக்கக் கொதிக்கத் தரும் தேநீர், ஆவி பறக்கும் உணவு, நீங்களே தோலுரிக்கும் ஆரஞ்சு, வாழைப்பழம் ஆகியவை பயமில்லாதவை.

சிறிய மின்சாரக் கெட்டில் ஒன்றும், அந்நாட்டுப் பிளக்குக்குப் பொருந்தும் அடாப்டரும் கொண்டு போனால் மிகவும் உதவும். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். தானாக நின்றுவிடும் கெட்டிலானால், கொதித்து நின்றபின் மூடியைத் திறக்காமல் ஆறவிடுங்கள். துணியால் வடிகட்டுவது அழுக்கைத்தான் நீக்கும், கிருமியை நீக்காது. டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைக் குறித்து, புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

நைல் நதியிலும் அதன் கால்வாய்களிலும் கால் நனைக்க ஆசை வரும். தண்ணீரில் வாழும் நத்தையிலிருந்து வெளிப்படும் ஒரு நுண்புழு, தோலைத் துளைத்து உடலுக்குள் போகும். 1851ஆம் ஆண்டு தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் கெய்ரோவில் இப்புழுவைக் கண்டுபிடித்தார். இந்நோய் எகிப்தில் இப்போது பெருமளவு குறைந்துவிட்டாலும், கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யோர்தான் தண்ணீரைக் குறித்து

இதை நான் பாரத்தோடு எழுதுகிறேன். வார்டுகளில் நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போகும்போது, "ஐயா, யோர்தான் தண்ணீர் வைத்திருக்கிறோம், இரண்டு வாய் கொடுக்கட்டுமா?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் கொடுக்கக் கூடாது என்றே சொல்லுகிறேன்.

கலிலேயாக் கடலின் நீரும் யார்முக் ஆற்றின் நீரும் இப்போது பெரும்பகுதி குடிக்கவும் பாசனத்துக்கும் திருப்பிவிடப்படுகின்றன. கீழ்ப்பகுதி யோர்தானில் ஓடுவது ஒரு சிற்றோடையளவே. அதில் கழிவுநீரும் வயல்களிலிருந்து வடியும் நீரும் உப்பு ஊற்றுகளின் நீரும் கலக்கின்றன. நம் ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்றதாகக் கருதப்படும் இடம் இந்தக் கீழ்ப்பகுதியிலேதான் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். உடம்பில் ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். பாட்டிலில் பிடித்து வந்தால் நினைவாக அலமாரியில் வையுங்கள். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த ஆற்று நீரை, அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் புற்றுநோய் மருந்து ஏறுகிறவருக்கும் கொடுப்பது ஆபத்து. யோர்தான் நமக்குப் பரிசுத்த நினைவு. அது மருந்து அல்ல.

பயந்து குடிக்காமலிருப்பதும் ஆபத்து

தண்ணீருக்குப் பயந்தும், பேருந்தை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டும், வயதானவர்கள் நாள் முழுவதும் நாவை நனைக்காமல் இருந்துவிடுகிறார்கள். பாலைவனக் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் இழக்கும் நீர் நமக்குத் தெரிவதில்லை. சீனாய் மலை 2,285 மீட்டர் உயரம். சூரிய உதயம் காண இரவிலே ஏறுகிறார்கள். குளிரில் தாகம் தோன்றாது. சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்கினால் உடலில் நீர் குறைகிறது என்று பொருள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயண நாட்களில் என்ன செய்வதென்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் வயிற்றுப்போக்கு வந்தால் கலங்க வேண்டாம். அதில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடலைவிட்டுப் போகும் தண்ணீரும் உப்புமே. 1971ஆம் ஆண்டு வங்காளத்தின் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் குளுகோஸ், உப்பு நீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 சதவீதமாயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதுவே இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஆளுக்கு ஐந்தாறு கொண்டு போங்கள். தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. சர்க்கரை நோயுள்ளவர்கள் இதைப் பயந்து தள்ளிவிட வேண்டாம். மருத்துவர் ஆலோசனையோடு குடிக்கலாம். இரத்தம் போனாலோ, கடுங்காய்ச்சல் இருந்தாலோ, சிறுநீர் நின்றுவிட்டாலோ தாமதிக்காமல் வழிகாட்டியிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள். அந்நிலையில் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகவே விழுங்கக் கூடாது.

இது அவிசுவாசமா?

"ஜெபித்துக் குடித்தால் போதாதா?" என்று சில விசுவாசிகள் கேட்கிறார்கள். ஜெபியுங்கள், அதை ஒருபோதும் விட வேண்டாம். ஆனால் மாராவின் கசப்பான தண்ணீரண்டையில் கர்த்தர் மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார். அதைத் தண்ணீரில் போட்டது மோசேயின் கை. எரிகோவின் கெட்ட நீரூற்றுக்கு எலிசா புதிய பாத்திரமும் உப்பும் கேட்டு வாங்கினார். பவுலும் தீமோத்தேயுவின் வயிற்றுப் பெலவீனத்தை எண்ணி, அவன் எதைக் குடிக்கலாம் என்று ஆலோசனை எழுதினார். தேவன் தந்த அறிவைப் பயன்படுத்துவது கீழ்ப்படிதலே. தெரிந்தே ஆபத்தில் இறங்கிவிட்டுக் காப்பாற்றும்படி கேட்பது அவரைச் சோதிப்பதாகும். தேவாலயத்து உப்பரிகையில் நம் ஆண்டவர் மறுத்தது அதைத்தானே!

பயணிக்கு இந்த எச்சரிக்கை பன்னிரண்டு நாள். 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, பாதுகாப்பான குடிதண்ணீர் வீட்டில் கிடைக்காதவர்கள் 220 கோடிப் பேர். அவர்களுக்கு முத்திரையிட்ட பாட்டிலும் இல்லை, திரும்பிப் போக வேறு ஊரும் இல்லை. நம் வார்டில் வாடிய கண்களோடு வந்து சேரும் குழந்தைகள் அவர்களின் பிள்ளைகளே. பயணம் முடித்துச் சுகமாய்த் திரும்பும் அன்பர்கள், தங்கள் ஸ்தோத்திர காணிக்கையில் ஒரு பங்கை அந்தக் குழந்தைகளுக்காக அனுப்பினால் எங்களுக்கு மிகுந்த ஆறுதலாயிருக்கும்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்தருளுவாராக. இந்த ஊழியத்தை உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்